பனிக்குள்ளே ஒரு மஞ்சள் விளக்கு

ஸ்டூடியோ மாமா பதில்கள்

போன மாதம் ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, காதல் நகைச்சுவைப் படங்களில் பாதி வேலையை வெளிச்சமும் கலரும்தான் செய்கின்றன, வசனம் சும்மா கூட வருகிறது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதம் வருமென்று நினைக்கவில்லை. லாச்சியில் கிடந்த மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டேன். இந்த முறை முழுக்க இதுதான்.

புதிதாக வாசிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் சினிமாக்காரன் இல்லை. பதினாறு வயதில் ஹட்டனில் ஒரு தியேட்டரின் ஒப்பரேட்டர் அறையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். அப்புறம் ஸ்டூடியோ. முப்பத்தெட்டு வருசமாகக் கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். சினிமாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒப்பரேட்டர் அறையின் சின்ன ஓட்டை வழியாகப் பார்த்ததும், கல்யாண வீடுகளில் வாங்கிக் கட்டிக்கொண்டதும்தான்.

மாமா, காதல் நகைச்சுவைப் படம் தொடங்கி இரண்டே நிமிடத்தில் ‘இதில் யாரும் சாகமாட்டார்கள்’ என்று மனசுக்குத் தெரிந்துவிடுகிறது. ஒருவரும் இன்னும் வாய்கூடத் திறக்கவில்லை. எப்படி?
— கல்லூரி மாணவி, பண்டாரவளை

நிழலைப் பாருங்கள் மகள். கொலைப் படத்தில் ஆளின் முகம் ஒரு பாதி இருட்டாக இருக்கும். அந்தப் பாதியில் அவர் என்ன நினைக்கிறார் என்று நமக்குத் தெரியாது, அதனால் பயம். காதல் நகைச்சுவையில் முகத்தின் இரண்டு பக்கமும் வெளிச்சம். முன்னால் ஒரு விளக்கு, அது போடுகிற நிழலை அழிக்க மறுபக்கம் ஒன்று, முடி மின்னுவதற்குத் தலைக்குப் பின்னால் ஒன்று. மூக்குக்குக் கீழே கறுப்பு இருக்காது, கண்குழியிலும் இருக்காது. சுவர்கூட வெளிறிய நிறமாகத்தான் இருக்கும். இந்த முகங்களுக்கு ஒளிக்க எதுவுமில்லை என்று நம் கண் முதலிலேயே தீர்மானித்துவிடுகிறது. அதற்குப் பிறகு கதாநாயகன் எத்தனை பொய் சொன்னாலும் நாம் சிரித்துக்கொண்டுதான் இருப்போம்.

விளக்கு பிரகாசமாக இருப்பதைவிட அகலமாக இருப்பது முக்கியம். சின்னப் பல்ப் கத்தி மாதிரி நிழல் போடும். அதே பல்புக்கு முன்னால் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினால் நிழலின் ஓரம் கரைந்துவிடும். நம் பக்கத்தில் அந்தத் துணியைக் கடவுளே கட்டி வைத்திருக்கிறார், மேகம் மூடிய காலை வானம். கொழும்பிலிருந்து வருகிற ஆட்கள் ‘வெயில் இல்லையே’ என்று சலித்துக்கொள்ளும்போது எனக்குச் சிரிப்பு வரும்.

கலரும் அதே அளவு வேலை செய்கிறது. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, ஏமாந்து தெரிந்துகொண்டேன். 1964இல் வந்த ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ ஈஸ்ட்மேன் கலர் படம். நாங்கள் அதை மறுபடி ஓட்டியபோது வந்த பெட்டியில் இருந்தது பல ஊர் சுற்றிய பழைய பிரதி. ஈஸ்ட்மேன் கலர் பிரதிகளுக்கு ஒரு வியாதி உண்டு. அதிலிருக்கிற நீலப்பச்சைச் சாயம் முதலில் செத்துப்போகும், சிவப்பு மிஞ்சும். அதனால் நான் பார்த்த படத்தில் மரம் ரோஸ், ஆகாயம் ரோஸ், ரவிச்சந்திரன், காஞ்சனா, நாகேஷ் எல்லோரும் ரோஸ். எனக்கு அந்த வியாதி தெரியாது. ஒரு எஸ்டேட் முதலாளியின் பெண்களைக் காதலிக்கிற கதைக்காக வேண்டுமென்றே இப்படி எடுத்திருக்கிறார்கள் என்று நம்பினேன். உலகத்திலேயே அழகான படம் இதுதான் என்று நாலு பேரிடம் சண்டையும் போட்டிருக்கிறேன்.

பல வருசம் கழித்துத் தொலைக்காட்சியில் நல்ல பிரதி ஒன்றைப் போட்டார்கள். ஒளிப்பதிவாளர் ஏ. வின்சென்ட் எடுத்த உண்மையான பச்சையும் நீலமும் பளிச்சென்று தெரிந்தன. நல்ல படம்தான், ஆனால் என் படம் இல்லை. அதே கதை, அதே பாட்டு. கலர் மாறியதும் சிரிப்பு கூடிவிட்டது, கிறக்கம் குறைந்துவிட்டது. என்னுடைய ரோஸ் பிரதியில் ஒரு கனவின் மயக்கம் இருந்தது. நல்ல பிரதியில் ஞாயிற்றுக்கிழமை காலையின் கலகலப்பு இருந்தது. கலர் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்கு வேண்டியதில்லை.

பேய்ப் படத்திலும் பனிமூட்டம், காதல் படத்திலும் பனிமூட்டம். நாங்கள் பனிக்குள்ளேயேதான் வாழ்கிறோம். எங்களுக்கு இரண்டும் வருவதில்லை, தடிமன்தான் வருகிறது. விளக்குவீர்களா அண்ணே?
— வாசகர், நோர்வூட்

தடிமனுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடியுங்கள் தம்பி. பனிக்குப் பதில் சொல்கிறேன்.

பனி செய்வது ஒரே ஒரு வேலை, பின்னணியைத் துடைத்துவிடும். மலை, ரோட்டு, தோட்டத்து வரிசை வீடுகளான லயம், கரண்ட் கம்பி எல்லாம் போய்விடும். இருபது அடிக்குள் இருப்பது மட்டும்தான் உலகம். அந்த இருபது அடிக்குள் யார் வருவார் என்று தெரியாவிட்டால் பேய்ப் படம். வருகிறவர் யாரென்று தெரிந்து, ‘சீக்கிரம் வந்து தொலையேன்’ என்று நாம் தவித்தால் காதல் படம்.

எதைக் காட்டி அந்த வித்தியாசத்தைச் செய்கிறார்கள்? ஒரு விளக்கு போதும். சாயங்காலப் பனி நீலமாக இருக்கும். அதற்குள் பழைய மஞ்சள் பல்ப் எரிகிற ஒரு தேநீர்க் கடையை வைத்துப் பாருங்கள். பல்பைச் சுற்றி ஒரு மஞ்சள் உருண்டை நிற்கும். கண் நேரே அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே சூடு இருக்கிறது, பிளேன்டீ இருக்கிறது, ஆள் இருக்கிறது. அந்தப் பல்பை அணைத்துவிட்டு அதே இடத்தைக் காட்டினால் நானே ஓடிவிடுவேன்.

இன்னொரு ரகசியம். கெமராவுக்குள் இருக்கிற வெளிச்ச அளவுகோல் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே நினைக்கும். வெள்ளைப் பனியை அதன் போக்கில் விட்டால் சிமெந்து நிறமாக்கிவிடும், அது பேய்ப் பனி. வெளிச்சத்தை ஒரு படி கூட்டிவிட்டால் பால் மாதிரி வரும், அது காதல் பனி.

பனிக்குள் நகைச்சுவை எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். ஒரு சம்பவம். கல்யாணத்துக்கு முன்னால் ஜோடியாகப் படம் எடுக்கிற பழக்கம் இப்போது எல்லா டிவிசனுக்கும் வந்துவிட்டது. ஒரு மாப்பிள்ளை, பொண்ணு. காலை ஆறரை மணி. சவுக்கு மரத்தடி. பொண்ணு கையில் சிவப்புக் குடை. சுற்றிலும் வெள்ளையாக இருக்கும்போது சிவப்பு ஒன்று இருந்தால் போதும், வேறு அலங்காரம் வேண்டாம். மாப்பிள்ளை கோட்டு சூட்டோடு பனிக்குள்ளிருந்து மெதுவாக நடந்து வர வேண்டும். வந்தார். நாலு எட்டு வைத்ததும் ஒற்றைக் காலில் குதித்தார். அட்டை! சப்பாத்துக்குள்ளே போய்விட்டது. கோட்டு ஒரு பக்கம், சப்பாத்து ஒரு பக்கம், மனுசன் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறார். பொண்ணு குடையைச் சாய்த்துவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு.

அப்போது நான் தூரத்தில் நின்றிருந்தேன். அதனால்தான் அது படமாகியது. ஒரே சட்டத்துக்குள் இடது பக்கம் குதிக்கிற கால், வலது பக்கம் சாய்ந்த குடை, நடுவில் வெறும் பனி. கிட்டப் போய் மாப்பிள்ளையின் முகத்தை மட்டும் எடுத்திருந்தால் வலியில் துடிக்கிற ஒரு மனுசன்தான் கிடைத்திருப்பார். சிரிக்க வைப்பதற்கு முழு உடம்பும் அதைப் பார்க்கிற இன்னொரு ஆளும் தேவை. கெமரா அதற்குத் தள்ளி நிற்க வேண்டும். அப்புறம் அவள் உட்கார்ந்து உப்பைத் தடவி அந்த அட்டையை எடுத்துவிட்டாள். அதற்கு நான் கிட்டப் போனேன். அவள் விரலும் அவர் கணுக்காலும் மட்டும். அது காதல். தள்ளி நிற்பதும் கிட்டப் போவதும், இந்த இரண்டையும் எப்போது செய்வதென்று தெரிந்தவர்தான் இந்த வகைப் படத்துக்கு இயக்குநர்.

கதாநாயகிக்கு ஏன் எப்போதும் மஞ்சள்?
— தையல் கடைக்காரர், தலவாக்கலை

எப்போதும் இல்லை. ஆனால் அந்தி நீலத்துக்கு முன்னால் மஞ்சளை நிறுத்தினால் அதுபோல எடுப்பாக இன்னொன்று நிற்காது. 2016இல் வந்த ‘லா லா லேண்ட்’ இசைப் படத்தில் மலைமேல் ஆடுகிற ஆட்டத்தில் கதாநாயகிக்கு மஞ்சள் கவுன், பின்னால் ஊதாவாகிக்கொண்டிருக்கிற வானம். அவ்வளவுதான் சங்கதி. நம் ஊருக்கு ஒரு எச்சரிக்கை, தேயிலைக்குள் நிற்கப்போகிறவருக்குப் பச்சை தைத்துக் கொடுக்காதீர்கள். ஒரு தங்கச்சி பச்சைச் சேலையில் வந்து, படத்தில் செடிக்கு மேலே தலை மட்டும் முளைத்த மாதிரி இருந்தது. அந்தப் படத்துக்கு நான் காசு வாங்கவில்லை.

என் வீட்டுக்காரர் கட்டாரில் வேலை. கல்யாணமாகி ஒன்றரை வருசம், அதில் நாற்பது நாள்தான் ஒன்றாக இருந்தோம். மிச்சமெல்லாம் வீடியோ கோல். எங்களை மாதிரி ஆட்களை வைத்துச் சிரிக்கிற காதல் படம் எடுக்க முடியுமா? இரண்டு பேரும் இரண்டு நாட்டில் உட்கார்ந்திருந்தால் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?
— வாசகி, ராகலை

தாராளமாக எடுக்கலாம் தங்கச்சி. இந்தச் சிக்கலுக்கு அறுபது வருசத்துக்கு முன்னாலேயே வழி கண்டுபிடித்துவிட்டார்கள், திரையை நடுவில் கோடு போட்டுப் பிரிப்பது. 1959இல் வந்த ‘பில்லோ டோக்’ என்ற ஆங்கிலப் படத்தில் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் அவரவர் வீட்டுக் குளியல் தொட்டியில் கிடந்தபடி தொலைபேசியில் பேசுவார்கள். திரையில் ஒரு பாதி அவர், ஒரு பாதி அவர். இரண்டு பேரும் காலை நீட்டி அந்த நடுக்கோட்டில் வைத்திருப்பார்கள். பார்த்தால் பாதமும் பாதமும் தொட்டுக்கொண்டிருக்கிற மாதிரியே இருக்கும். ஹொலிவூட்டில் தணிக்கை பலமாக இருந்த காலம், ஒரே தொட்டியில் போட முடியாது. கோடு போட்டுக் காரியத்தை முடித்துவிட்டார்கள். 1989இல் ‘வென் ஹெரி மெட் சாலி’யிலும் அதே வித்தை உண்டு. ஆளுக்கொரு வீட்டில் படுத்தபடி ஒரே பழைய படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டு போனில் பேசுவார்கள். இரண்டு கட்டிலையும் ஒட்டி வைத்துவிடும் திரை.

உங்கள் கதைக்கு இன்னும் நல்ல வசதி இருக்கிறது. கட்டார் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். உங்களுக்கு மாலை ஆறரை என்றால் அவருக்கு நாலு மணி. ஆகவே திரையின் ஒரு பாதியில் ராகலை இருட்டு, குளிர், கம்பளிச் சட்டை, மஞ்சள் பல்ப். மறுபாதியில் கண்ணைக் கூசுகிற வெள்ளை வெயில், வியர்வை. நீங்கள் தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறீர்கள், அவர் ஐஸ் தண்ணீர்ப் போத்தலைக் கழுத்தில் வைத்திருக்கிறார். ஒரு வசனமும் வேண்டாம். சிரிப்பும் வரும், தொண்டையும் அடைக்கும். கோட்டின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வெளிச்சம் ஒன்றாகிவிட்டால், பார்க்கிறவர்களுக்குப் புரிந்துவிடும், மனுசன் வீட்டுக்கு வந்துவிட்டார்.

கோடு என்றதும் எனக்கு இன்னொன்று ஞாபகம் வருகிறது. இந்த வகைப் படங்களுக்கெல்லாம் பாட்டன் என்று சொல்லக்கூடிய ஒன்று 1934இல் வந்தது, ஃப்ராங்க் காப்ராவின் ‘இட் ஹாப்பன்ட் ஒன் நைட்’. ஐந்து ஒஸ்கார் வாங்கியது. கல்யாணமாகாத ஆணும் பெண்ணும் ஒரே அறையில் இரவைக் கழிக்க வேண்டிய நிலைமை. கதாநாயகன் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் கயிறு கட்டி ஒரு போர்வையைத் தொங்கவிடுவார். வேதாகமத்தில் வருகிற எரிகோ மதில் என்று அதற்குப் பெயரும் வைப்பார். மழை நீர் வழிகிற ஜன்னல், இருட்டு, அந்தப் போர்வை. அவ்வளவுதான் சாமான். படம் முடியும்போது போர்வை கீழே விழும். முகத்தைக்கூடக் காட்டமாட்டார்கள்.

இதை நான் வீடியோவில் பார்த்த அன்றைக்கு என் அம்மாவும் பக்கத்தில் இருந்தார். ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. போர்வையைப் பார்த்ததும், “இது நம்ம காம்பிரா மாதிரியில்ல இருக்கு” என்றார். உண்மைதானே. லயத்தில் ஒரு குடும்பத்துக்கு இருக்கிற பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையான காம்பிராவில் மூத்தவனுக்குக் கல்யாணம் முடிந்தால் என்ன செய்வார்கள்? குறுக்கே கயிறு கட்டிப் பழைய சேலையைத் தொங்கவிடுவார்கள். அந்தப் பக்கம் புது ஜோடி, இந்தப் பக்கம் அம்மா, அப்பா, தம்பி, தங்கச்சி. சேலைக்கு அந்தப் பக்கம் குப்பி லாம்பு எரிந்தால் நிழல் சேலையில் ஆடும். தங்கச்சி தலையணையில் வாயைப் புதைத்துச் சிரிப்பாள். மாமியார் இருமுவார், தேவையில்லாமல். இதில் வெட்கம் இருக்கிறது, வறுமை இருக்கிறது, கோபப்படவும் நியாயம் இருக்கிறது. அதோடு ஒரு முழுக் காதல் நகைச்சுவைப் படமும் இருக்கிறது. நமக்கு அந்தச் சேலையின் பூ டிசைன்கூடத் தெரியும். எடுக்க ஆள்தான் இல்லை.

ஆறு மாதம் கழித்து, ஒரு வருடம் கழித்து என்று எழுத்துப் போடுவது எனக்குப் பிடிப்பதில்லை. எழுத்தில்லாமல் பிரிவின் காலத்தைக் காட்ட முடியாதா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், ஹட்டன்

முடியும் ஐயா. 1999இல் வந்த ‘நோட்டிங் ஹில்’ பார்த்தீர்களா? காதலி போய்விட்டாள். கதாநாயகன் லண்டனில் ஒரு சந்தைத் தெருவில் நடக்கிறான். ஒரே நடைதான், ஆனால் நடந்துகொண்டிருக்கும்போதே மழை பெய்கிறது, பனி விழுகிறது, மறுபடி வெயில் வந்துவிடுகிறது. தொடக்கத்தில் வயிற்றுப் பிள்ளையோடு நின்ற பெண் முடிவில் குழந்தையோடு நிற்கிறாள். ஒரு வருசம் போய்விட்டது. அவன் முகம் மட்டும் மாறவில்லை.

நமக்கு அப்படி நாலு பருவம் இல்லை என்று சிலர் சொல்வார்கள். தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்து இருக்கிறதே! வெட்டிய மலை எலும்புக்கூடு மாதிரி மொட்டையாக நிற்கும். சில மாதத்தில் இளம் மஞ்சள்பச்சைத் துளிர். கதாநாயகன் அதே ரோட்டில் நடக்கட்டும், பக்கத்து மலை மட்டும் மாறட்டும்.

அதைவிட எனக்கு ஆசையான காட்சி ஒன்று உண்டு. ஜூலை மாதம். நம் பக்கம் தென்மேல் பருவ மழை கொட்டுகிறது. பதுளை ரயில் நானுஓயா தாண்டி, நாட்டிலேயே உயரமான ரயில் நிலையமான பட்டிப்பொலவில் நின்று, அப்புறம் குகைக்குள் நுழைகிறது. மறுபக்கம் வெளியே வந்தால் ஊவா. பல நாள் பார்த்திருக்கிறேன், இந்தப் பக்கம் ஜன்னலை மூடிவைத்திருப்பார்கள், அந்தப் பக்கம் வெயில் முகத்தில் அடிக்கும். காதலியிடம் மன்னிப்புக் கேட்கப் பண்டாரவளைக்குப் போகிற ஒருவன் நனைந்த கோழி மாதிரி வாசலில் நிற்கிறான். குகைக்குள் ஒரே கறுப்பு, சத்தம் மட்டும். வெளியே வந்தால் வெயில், அவன் மட்டும் இன்னும் குடை விரித்தபடி. பெட்டியில் எல்லோரும் அவனைப் பார்க்கிறார்கள். இதற்கு ஒரு சதம் செலவில்லை. ரயில் டிக்கெட் மட்டும்தான்.

உங்கள் காலத்துப் படங்களில் இரண்டு பூ ஏன் முட்டிக்கொள்ளும்?
— வாசகர், நுவரெலியா

தணிக்கைக்குப் பயந்து ஒரு பக்கம். பூ சம்பளம் கேட்காது என்பது மறுபக்கம்.

நானும் இரண்டு நண்பர்களும் போனிலேயே ஒரு குறும்படம் எடுக்கிறோம். காதல் கதை, கொஞ்சம் சிரிப்பு. முழுவதும் எங்கள் லயத்திலேயே நடக்கிறது. உள்ளே எடுத்தால் இருட்டாக, சோகப் படம் மாதிரி வருகிறது. என்ன செய்வது மாமா?
— இளைஞர், மஸ்கெலியா

முதலில் டியூப் லைட்டை அணையுங்கள் தம்பி. டியூப் லைட்டும் மஞ்சள் பல்பும் ஒன்றாக எரிகிற அறையில் முகத்தின் ஒரு கன்னம் பச்சையாகவும் மற்றக் கன்னம் ஆரஞ்சாகவும் வரும். காய்ச்சல்காரன் மாதிரி இருப்பான் உங்கள் கதாநாயகன். ஏதாவது ஒன்று. அதைவிட நல்லது, இரண்டும் வேண்டாம், கதவைத் திறந்து வையுங்கள். காம்பிராவில் கதவுதான் பெரிய விளக்கு. வாசலுக்கு நேரே நிற்க வைக்காமல், வாசலுக்குப் பக்கவாட்டில், ஒரு எட்டு உள்ளே தள்ளி நிற்க வையுங்கள். மறுபக்கக் கன்னம் இருட்டாக இருந்தால் அங்கே ஒரு வெள்ளை வேட்டியைப் பிடியுங்கள். முகம் மலர்ந்துவிடும். இது மூன்று ஆள் இருந்தால் நடக்கிற காரியம், நீங்கள் மூன்று பேர்தானே.

போன் தானாகவே கலரையும் வெளிச்சத்தையும் மாற்றிக்கொண்டே இருக்கும். முகத்தில் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டிவிடுங்கள், போனில் வசதி இருந்தால் கலரையும் பூட்டிவிடுங்கள். இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு, ஏனென்றால் நான் பட்ட பாடு அப்படி. பழைய வீடியோ கெமரா காலம். ஒரு கல்யாணம். முதல் நாள் இரவு மண்டபத்துக்குள் மஞ்சள் பல்புக்கு ஏற்ற மாதிரி கலரைச் சரிசெய்தேன். மறுநாள் காலை கோயில் வாசலில் அதை மாற்ற மறந்துவிட்டேன். அந்தக் கெமராவில் கண் வைத்துப் பார்க்கிற இடம் கறுப்பு வெள்ளை, ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து போட்டால் தாலி கட்டுகிறதிலிருந்து சாப்பாட்டுப் பந்தி வரை எல்லாம் நீலம். பொண்ணோட அம்மா பார்த்துவிட்டு, “என்னாங்க, புள்ளய ஐஸ் பொட்டியில வச்சா எடுத்தீங்க?” என்று கேட்டார். வாங்கிய காசில் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த வீடியோவில் எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனாலும் பார்த்தவர்களுக்குச் சாவு வீடு மாதிரிதான் பட்டது.

குசினிப் பக்கம் காலையில் ஒரு பொக்கிசம் இருக்கிறது. அடுப்புப் புகை எழும்பும் நேரத்தில் கூரைத் தகரத்தின் ஆணி ஓட்டை வழியாக வெயில் கம்பி மாதிரி இறங்கும். புகை இல்லாவிட்டால் அந்தக் கம்பி கண்ணுக்குத் தெரியாது. காதலி ரொட்டி சுடட்டும். கம்பி அவள் கையில் ஒரு வட்டப் பொட்டு வைக்கும். கையை நகர்த்தினால் பொட்டு மாவில் விழும். அதை மட்டும் அரை நிமிடம் எடுங்கள். மழைக் காட்சி வைத்திருந்தால் ஒன்றை ஞாபகம் வையுங்கள், முன்னாலிருந்து டோர்ச் அடித்தால் மழை தெரியவே தெரியாது. மழைக்குப் பின்னால், உங்களைப் பார்த்த மாதிரி விளக்கு எரிய வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு துளியும் வெள்ளிக் கோடாகும்.

சிரிப்புக்கு வெளியே வாருங்கள். லயத்தைவிட நல்ல நகைச்சுவை மேடையை எந்த ஸ்டூடியோவும் கட்டித் தராது. வரிசையாகக் கதவுகள், எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே இஸ்தோப்பு, அதாவது திண்ணை. தூரத்தில் ஒரு முனையில் போனை அசையாமல் வையுங்கள். கதாநாயகன் மூன்றாவது கதவில் மெதுவாகத் தட்டிக் காதலியின் பெயரை ரகசியமாகச் சொல்கிறான். முதல் கதவு திறக்கிறது, ஒரு தலை. ஐந்தாவது கதவு, இன்னொரு தலை. ஏழாவது கதவிலிருந்து ஒரு பாட்டி கையில் தும்புத்தடியோடு. எல்லாக் கதவும் திறந்துவிட்டன, மூன்றாவதைத் தவிர. வெட்டாதீர்கள், கிட்டப் போகாதீர்கள். அவன் அப்படியே திரும்பி எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுப் போகட்டும். அப்புறம் மூன்றாவது கதவு கொஞ்சமாகத் திறக்கும். இப்போது கிட்டப் போகலாம்.

எடுத்து முடித்ததும் எனக்கும் காட்டுங்கள்.

வெளிச்சம், கலர், சேலை, பனி என்று அளக்கிறீர்கள். நடிப்பு வேண்டாமா? கதை வேண்டாமா?
— வாசகர், கொட்டகலை

வேண்டும். ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் பேய்ப் படக் கதை சொல்லச் சொல்லப் பாலையாவின் முகம் போகிற போக்கை எந்த விளக்காலும் கொண்டுவர முடியாது. என் ரோஸ் பிரதியிலும் அது அப்படியே சிரிப்பாகத்தான் இருந்தது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்களைத் தவிர மற்றவர்கள் வெளிச்சத்தைப் பற்றித்தானே கேட்டார்கள்.

மாமா, ஊர் உலகத்துக் காதலுக்கெல்லாம் லைட் போடுகிறீர்கள். அத்தையை எந்த வெளிச்சத்தில் முதலில் பார்த்தீர்கள்?
— மருமகள் முறைக்காரி என்று மட்டும் போடவும், ஹாலிஎல

இந்தக் கேள்வியைப் போடக்கூடாது என்று உங்கள் அத்தை சொன்னார். போடுகிறேன்.

ஒப்பரேட்டர் அறையில் இரண்டு மெசின். ஒரு ரீல் இருபது நிமிடம் போல ஓடும். முடிகிற நேரத்தில் திரையின் வலது மேல் மூலையில் சின்ன வட்டம் ஒன்று மின்னும். அது ஆயத்தம். சில நொடியில் இரண்டாவது வட்டம், உடனே அடுத்த மெசினுக்கு மாற்ற வேண்டும். ஒப்பரேட்டர் அண்ணன் சாப்பிடப் போய்விட்டால் அது என் பொறுப்பு. இடையில் மெசினுக்குள் விளக்காக எரிகிற இரண்டு கார்பன் குச்சிகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். எரிய எரிய இரண்டுக்கும் இடைவெளி கூடும், வெளிச்சம் சோர்ந்துபோகும். தள்ளிவிட்டால் மறுபடி பளிச்சிடும். திரை பளிச்சிட்டால் கீழே உட்கார்ந்திருக்கிறவர்களின் முகமும் பளிச்சிடும். படம் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், நான் முகங்களைப் பார்க்கத் தொடங்கியிருந்தேன்.

அன்றைக்கு ஓடியது அதே ரோஸ் பிரதி. கொட்டகை முழுக்க ரோஸ் முகங்கள். நடு வரிசையில் தன் அம்மாவுக்கும் பாட்டிக்கும் இடையில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தது. மற்றவர்கள் சிரித்து முடித்து ஒரு நொடி கழித்துச் சிரித்தது. எனக்கு அது பெரிய புதினமாக இருந்தது. அடுத்த சிரிப்புக்குக் காத்திருந்தேன். முதல் வட்டம் வந்ததைப் பார்க்கவில்லை. இரண்டாவது வட்டமும் போய்விட்டது. ரீல் தீர்ந்து, திரை வெறும் வெள்ளையாக எரிந்தது. ரோஸ் போய்விட்டது. பட்டப் பகல் மாதிரி வெளிச்சம். விசில், கூச்சல். எல்லோரும் பின்னால் திரும்பி என் ஓட்டையைப் பார்த்துத் திட்டினார்கள்.

அவளும் திரும்பினாள், ஒரு நொடி கழித்து.